மாப்பிள்ளையைப் பழைய விமானம் பார்க்கக் கூட்டிப்போன கதை

நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. என் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்க வருகிறவர்களை உட்கார வைக்கும் நாற்காலியை விட இது எவ்வளவோ மேல். அதில் அரை மணி உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மாப்பிள்ளையின் நோட்டு உங்கள் மேசை மேல் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த பாட்டில் மருந்து திறந்தார், அதன் நம்பர் என்ன என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறார். ஆனால் நோட்டைப் படித்தால் ஆளைத் தெரியாது. நான் அவரோடு பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன். கீழே என் தங்கையும் அவரும், மாடியில் நான். சாப்பாடு கீழே, ஒரே மேசையில்.

அவருக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைப் 'பைலட்' என்றே கூப்பிடுவார்கள். விமானம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். இத்தனைக்கும் வாழ்நாளில் இரண்டே முறைதான் விமானம் ஏறியிருக்கிறார். அதில் ஒரு முறை வாந்தி வேறு.

வானத்தில் சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். விமானத்தின் வாலில் இருக்கும் நம்பரைத் தொலைநோக்கியில் பார்த்து எழுதிக்கொள்வார். எங்கள் அம்மாவின் உடலைத் தூக்கிக்கொண்டு போகிறோம். பின்னால் இடது பக்கம் தோள் கொடுத்தவர் அவர். திடீரென்று அந்தப் பக்கம் தாழ்ந்தது. திரும்பிப் பார்த்தால், மனிதர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "நாலு இன்ஜின், மச்சான்" என்றார் என்னிடம்.

அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தவன் நான். அவளுக்காகவே நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இதைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. சின்ன வயசில் எந்தச் சந்தேகமானாலும் அவள் என்னிடம்தான் ஓடி வருவாள். மழை எப்படி வருகிறது, ரயில் ஏன் தண்டவாளத்தை விட்டு இறங்குவதில்லை, எல்லாம் "அண்ணா, அண்ணா" தான். கல்யாணத்துக்குப் பிறகு கேள்விகள் எல்லாம் பைலட்டிடம் போய்விட்டன. இதை வயிற்றெரிச்சல் என்று எழுதிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பயணத்துக்கு வருகிறேன். எட்டு மணி நேர தூரத்தில், யாரும் பயன்படுத்தாத ஓடுதளம் ஒன்றில், பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று கல்யாணமான வருஷமே ஆரம்பித்துவிட்டார். அதற்கென்று ஒரு ஃபைல். காலை ஆறு பத்துக்குக் கிளம்புவது, எட்டு இருபத்தைந்துக்கு வண்டியை நிறுத்தி ஒதுங்குவது, எந்தக் கொட்டகையில் எத்தனை நிமிஷம் என்று பச்சை மையிலும் சிவப்பு மையிலும் எழுதி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு பொறுப்பு. என் பெயருக்கு நேராக 'பைகள், தண்ணீர்' என்று இருந்தது.

தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு அந்த ஃபைலும் பரிமாறப்படும்.

"மொத்தம் நாப்பத்தொரு விமானம் நிக்குது மச்சான். அதுல ஏழு இன்னும் பறக்கும்."

"நாப்பதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே, மாப்ள?"

"அது பழைய செய்தி. போன வருஷம் இன்னொண்ணு வந்து சேந்துடுச்சு. நீங்க கண்ணாடியப் பாருங்க, விமானத்த என்கிட்ட விட்டுடுங்க."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிப்பு வந்தவன் போலத்தான் இருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் கடைக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்தது. தாடையை அதில் வைத்தால் கண்ணில் பொசுக்கென்று காற்று அடிக்கும். கண்ணுக்குள் எவ்வளவு அழுத்தம் என்று எண் காட்டும். சும்மா உட்காருங்கள் மாப்பிள்ளை என்று உட்கார வைத்தேன். இருபதுக்குள் இருக்க வேண்டியது முப்பத்திரண்டு காட்டியது. கண்டுபிடித்தது நான்தான், ஐயா. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாளே கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனதும் நான்தான்.

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். இந்த வியாதி வலிக்காது. முதலில் ஓரப் பார்வை போகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வரும். போனது போனதுதான், திரும்பாது. ஆனால் தினமும் சாயங்காலம் இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டால், சாகும்வரை பார்வைக்குக் குறைவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். என் கடையிலேயே அந்த மருந்து உண்டு என்பதால் மாதாமாதம் நானே கொடுப்பதாக ஏற்பாடு.

நாலு மாதம் ஒழுங்காகக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம் சரக்கு வரவில்லை. கண் வறண்டு போனால் போடுகிற சாதாரணச் சொட்டு அலமாரியில் நிறைய இருந்தது. பாட்டிலும் அதே அளவு. பழைய பாட்டிலின் லேபிளை இதில் ஒட்டிக் கொடுத்தேன். மருந்து இல்லையென்றால் மனிதர் பயந்துவிடுவாரே என்றுதான். பத்து நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் சரக்கு வந்தது. பிரித்து அலமாரியில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவரும் வந்தார். ஒரு வாடிக்கையாளர் கருப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "பைலட் கண்ணாடி சார், விமானம் ஓட்டுறவங்க போடுறது" என்று நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டு எந்த பைலட்டும் உள்ள ஏற மாட்டான் மச்சான். கருவிகள் இருக்கிற பலகையே தெரியாது" என்றார். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபம் வராது, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். புதிதாக வந்த மருந்தை அவருக்கு எடுத்துக் கொடுக்க அன்றைக்கு மறந்துவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஞாபகம் வந்தது. அப்போதும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நன்றாகத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே போய்விட்டது. லேபிளைக் கடையில் விலை ஒட்டுகிற மெஷினிலேயே அச்சடித்துக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் போய் மூன்று மணி நேரம் எதற்குக் காத்துக் கிடக்க வேண்டும், நானே பார்த்துவிடுகிறேன் என்றேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாற்காலியில் உட்கார வைப்பேன். மெஷின் முப்பத்து நாலு காட்டும், முப்பத்தாறு காட்டும். அவருடைய அட்டையில் பதினாறு, பதினைந்து என்று எழுதுவேன்.

ஒரு நாள் அவரே கேட்டார்.

"மச்சான், எல்லா பாட்டில்லயும் ஒரே நம்பரா இருக்கே, பாத்தீங்களா?"

விமானத்தின் வாலைப் பார்க்கிற பழக்கம், பாட்டிலை மட்டும் விட்டுவைக்குமா. என் தப்பு. ஒரே லேபிளைத்தான் திரும்பத் திரும்ப அச்சடித்திருந்தேன்.

"பெரிய கம்பெனி மாப்ள. ஒரே தடவைல லட்சக்கணக்குல போடுவான். எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான்" என்றேன்.

"ஓ, அப்படியா" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் நான் சொன்னதை அவர் திருத்தாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

இரண்டாம் வருஷம் நிலைப்படியில் தோள் இடிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டார். மீட்டர் பார்க்கப் போன வீட்டில் கேட் தூணில் மோதி நெற்றியில் நாலு தையல். "பாத்து நடக்கக் கூடாதா?" என்று தங்கை முதல் முறையாக அவரைத் திட்டினாள். வயசாகிறதில்லையா என்று நான் சமாதானம் சொன்னேன். நாற்பத்தெட்டு. புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மூன்று கண்ணாடி போட்டுக் கொடுத்தேன், பைசா வாங்கவில்லை. அலுவலகத்தில் அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். வானத்தில் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவார், ஆனால் விமானம் எங்கே என்று தேடுவதற்குள் அது போய்விடும்.

நாலாம் வருஷம் இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவு மிச்சம் இருந்தது. நேருக்கு நேர் நின்றால் முகம் தெரியும். தங்கை அழுதாள். வேறு பெரிய டாக்டரிடம் போகலாம் என்றாள். விமானங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம், மனிதருக்கு அதுதானே ஆசை என்றேன். நியாயமான பேச்சுதானே?

வண்டி ஓட்டுவது, இடம் பார்ப்பது, சாயங்காலம் அவர் கண்ணில் சொட்டு விடுவது எல்லாம் என் கைக்கு வந்தது. ஃபைலும் வந்தது. ஆறு பத்து என்பதை ஏழு மணி என்று மாற்றினேன். ஐயா, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆறு பத்தை அடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. இனி அவருக்கு விமானம் எப்படி இருக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொள்ள வேண்டும். தங்கையும் கேட்டுக்கொள்வாள்.

நான் கெட்டவன் இல்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், உண்மையான மருந்து ஒரு பாட்டில் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போய் வந்ததும் அதையே ஆரம்பித்துவிடுவோம், வலது கண்ணில் இருப்பது இருக்கட்டும் என்று முடிவு பண்ணினேன். அது பெரிய மனசு இல்லையா?

ஓடுதளத்தில் புல் முளைத்திருந்தது. தகரக் கொட்டகைகள், எண்ணெய் நாற்றம், விமானங்களைச் சுற்றிக் கயிறு. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். நாலு விமானம் வரை எல்லாம் நன்றாகவே போனது.

ஐந்தாவது சிவப்பு விமானம். அதைத் துடைத்துக்கொண்டிருந்த வயதான மெக்கானிக் எங்களைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கைத்தடியைப் பார்த்தார். கயிற்றைக் கழற்றிவிட்டார்.

"யாருக்கும் அனுமதி இல்ல. நீங்க உள்ள வாங்க சார், தொட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை கையை நீட்டினார். இறக்கையைத் தடவினார். துணி போர்த்தியது என்று விரலாலேயே கண்டுபிடித்தார். எந்த வருஷம் செய்தது, என்ன இன்ஜின், இறக்கைக்கு நடுவில் எத்தனை கம்பி என்று சொல்லச் சொல்ல, மெக்கானிக் துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அடுத்த கொட்டகையிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டாமா. "முன்னாடி விசிறி நாலு இலை, மாப்ள" என்றேன்.

அவர் நடந்து போய்த் தடவினார். "ரெண்டுதான் மச்சான்" என்று சிரித்தார். கூட்டம் சிரித்தது. தங்கையும் சிரித்தாள். நான் விமானத்தைப் பார்க்கவே இல்லை, ஐயா. அவர் பேசும்போது தங்கையின் முகம் இருந்த இருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவரைத் தூக்கி ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். இருபது வருஷத்தில் அங்கே உட்கார்ந்த முதல் ஆள் என்று மெக்கானிக் சொன்னார். மாப்பிள்ளை முகத்தை முன்னால் கொண்டு போய், "சிவப்பு தெரியுதும்மா, எனக்குச் சிவப்பு தெரியுது" என்று தங்கையைப் பார்த்து அழுதார். அவளும் அழுதாள். முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய பைகளோடு நின்றிருந்தேன்.

திரும்பி வரும்போது, சாயங்காலம், சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்தினோம். மருந்து விடுகிற நேரம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார். தங்கை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா, ஒரு நாள் கூட எனக்கு மருந்து இல்லாம விடல நீங்க" என்றார். "கூடப் பிறந்தவன் கூட இப்படிச் செய்ய மாட்டான் மச்சான்."

உண்மையாகவே சொல்கிறேன். என் கை சட்டைப் பைக்குத்தான் போனது. பாட்டில் விரலில் பட்டது. அப்போது தங்கை அவர் தோளில் கையை வைத்து, "அந்த விசிறிக்கு ஏங்க ரெண்டே ரெண்டு இலை?" என்று கேட்டாள்.

நான் மருந்துப் பெட்டியைத் திறந்து எப்போதும் விடுவதையே எடுத்து விட்டேன். வலது கண்ணில் ஒன்று, இடது கண்ணில் ஒன்று. ஊருக்கு வந்ததும் உண்மையான பாட்டிலை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகும் இரண்டு மாதம் பழையதையேதான் விட்டேன். போன வாரம் வலது கண்ணும் போனது. தங்கை என்னிடம் சொல்லாமல் அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போயிருக்கிறாள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டியிருக்கிறார். நாற்பத்து நாலு பாட்டில், ஒரே நம்பர்.

நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்து வந்த சாமான்களில் அந்த உண்மையான மருந்து பாட்டில் இருக்கும். சீல் உடைக்கவில்லை, அடுத்த வருஷம் வரைக்கும் தேதி இருக்கிறது. தேவைப்படுகிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒருத்தர் கண்ணுக்கான மருந்தை வீணாக்க எனக்கு மனசு வராது.