டவர் அண்ணன் அன்று வேலைக்கு வந்திருந்தார்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, நிர்வாகத்தின் சார்பில் மலர்வளையத்தோடு வந்திருக்கும் அதிகாரி அவர்களே, முதல் வரிசையில் கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, சேறு காயாத உடுப்போடு ஓடி வந்திருக்கும் என் தோழர்களே! அழுதுவிட்டுப் போக நான் இங்கே வரவில்லை. வயிறு எரிந்து வந்திருக்கிறேன்.

நம் ஃபோர்மேனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டோமா? டவர் அண்ணன்! ஆள் என்னவோ குள்ளம். வண்டியை நான் எங்கே நிறுத்தினாலும், இறங்கியதும் இறங்காததுமாகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "டவர் கிடைக்குதாடா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரைச் சம்பாதித்தார். ஆள் அரவமில்லாத இடங்களில் தண்ணீர்க்குழாய் உடைப்பைச் சரிசெய்வது நம் பிழைப்பு. இன்று ஒரு மலையடிவாரம், நாளை ஒரு பொட்டல். அங்கே இணையம் எங்கிருந்து வரும்?

நிர்வாகம் என்ன உத்தரவு போட்டது? வேலை தொடங்கும்போது அவரவர் கைப்பேசியில் முகத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். படம் வந்து சேராவிட்டால் ஆள் வரவில்லையாம். இடுப்பளவு சேற்றில் நிற்பவன் வராதவனா? ஏசி அறையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் மூளை வேலை செய்யும்!

அதற்கு நாம் செய்த ஏற்பாடுதான் பை. எல்லோரும் படமெடுத்துக் கைப்பேசிகளை ஒரே பையில் போடுவோம். ஒருவர் பக்கத்து மேட்டில் ஏறி, டவர் கிடைத்ததும் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டு இறங்குவார். எப்போதும் ஏறியது யார்? முட்டி வலிக்காரர்! "நான் போறேண்ணே" என்று வெல்டர் எழுந்தால், "நீ குழாயப் பத்தவைடா. கீழ நின்னு கத்தறதத் தவிர எனக்கு என்ன வேலை?" என்று பையைப் பிடுங்கிக்கொள்வார். தன் படத்தை மட்டும் கடைசியில்தான் அனுப்புவார்.

வாய் மூடிக்கொண்டா ஏறினார்? கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கு நின்றார். "வண்டிக் கூரைமேல ஒரு சாட்டிலைட் டிஷ் வைங்க சார். வண்டி போற எடமெல்லாம் நெட் வரும்" என்று தொண்டை வற்றக் கேட்டார். டிஷ் வந்தது தோழர்களே! எங்கே வந்தது? அதிகாரிகள் வந்து தங்கும் விருந்தினர் மாளிகைக் கூரைக்கு! அதைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "விடுடா, பெரியவங்க தூங்கறப்ப டவர் போயிடக் கூடாதில்ல?" நாங்கள் சிரித்தோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் மழை. பாறை வழுக்கி, மேட்டின் மேலேயே விழுந்துவிட்டார். கீழே நாங்கள் வெகுநேரம் காத்திருந்தோம். கூப்பிட்டுக் கேட்க ஒருவர் கையிலும் கைப்பேசி இல்லை; எல்லாம் அவர் பையில். சந்தேகம் வந்து ஏறிப் போனபோது தலையில் ரத்தம். வெல்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணன் என் கையைப் பிடித்தார். "உங்களோடதெல்லாம் போயிருச்சுடா. என்னோடதுதான் பாக்கி" என்றார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

அன்று மாலை மருத்துவமனை வாசலில் அலுவலகத்தார் அண்ணியிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவர் படம் வரலம்மா. இன்னிக்கு ஆப்சென்ட்னுதான் காட்டுது. வேலைல இருக்கறப்ப செத்தார்னு எப்படி எழுதறது?" அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டார்: "காலையில சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேனே தம்பி. அப்போ எங்கதான் போனாரு?"

அதிகாரி அவர்களே, இதற்கு நீங்கள் பதில் சொல்வீர்களா? எங்கள் எல்லோரையும் வந்தவர்களாக்கிய மனிதர் வராதவரா? உங்களுக்குக் கூசவில்லையா?

கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பணியில் இறந்தார் என்று நீங்கள் எழுதும்வரை, எங்களில் ஒருவர் படமும் உங்களுக்கு வராது. ஒவ்வொரு வண்டிக் கூரையிலும் டிஷ் ஏறும்வரை, எந்த மேட்டிலும் எங்கள் கால் ஏறாது. குழாயை மட்டும் ஒழுங்காகச் சரிசெய்வோம்; தாகத்தோடு இருப்பவர்கள் உங்களைப் போல எங்களுக்கு எதிரிகள் இல்லை. எல்லோருக்கும் ஆப்சென்ட் போடுங்கள். அவர் பெயர் இருக்கும் இடத்தில் எங்கள் பெயரும் இருக்கட்டும்.

அண்ணி, உங்கள் வீட்டுக்காரர் வேறெங்கும் போகவில்லை. வேலைக்குத்தான் வந்தார்.