ரொட்டிச் சட்டத்தின் உயரத்தில் ஒரு மின்கம்பி

பெயர் அதிய்யா முர்சி ஸைதான். வயது எழுபத்தொன்று. கெய்ரோ, இம்பாபா, தகரக்காரர் சந்தில், மகள் இன்ஷிராஹும் மருமகன் ராகிபும் வசிக்கும் வீட்டில் இருக்கிறேன். முன்பு ரொட்டி சுமந்தவன், இப்போது வேலை இல்லை. இந்த வருடம் முதல் எழுதப் படிக்கத் தெரியும். காவல் ஆய்வாளர் அனுமதித்ததால் இதை என் கையாலேயே எழுதுகிறேன். நேரம் பிடிக்கும்.

ராகிப் தலையில் ரொட்டி அடுக்கிய இரும்புச் சட்டத்தை வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் சைக்கிள் ஓட்டுபவர். சட்டம் தலையில் இருந்தால் திரும்பிப் பார்க்க முடியாது, பின்னால் வருவதைக் காதால்தான் அறிய வேண்டும். குளிர்காலத்தில் வேன் மோதி அவருக்கு இடது காது கேட்காமல் போயிற்று. அதன் பிறகு பெரிய சாலையின் ஹாரன் சத்தத்தில் எதுவும் பிடிபடவில்லை என்றார். ஆகவே சத்தம் குறைந்த வழி ஒன்றை நான் தேடினேன்.

சட்டத்தோடு ராகிப் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்தில் ஈச்ச மட்டை ஒன்றைச் சைக்கிளில் நிமிர்த்திக் கட்டி, சந்து சந்தாக ஓட்டினேன். மட்டை எதன் மீதாவது பட்டால் அந்தச் சந்தை விட்டுவிடுவேன். துணிக்கொடி, வளைந்த பால்கனி, தொங்கும் விளக்கு எல்லாவற்றிலும் பட்டது. பட்டாணிக்கடைக்காரர் டிராமின் மேல்கம்பம் போல நின்ற மட்டையைப் பார்த்து, “டிராம் வருது, எல்லாரும் ஒதுங்குங்கடா” என்றார். “டிக்கெட் எடுத்துட்டுச் சிரி” என்றேன். தெருப் பெயர்ப்பலகைகளை நானே படித்துக்கொண்டு போனேன். கடைசியில் சாயப்பட்டறைச் சுவரை ஒட்டி, பெண்கள் பள்ளிக்குப் பின்புறமாக, ஃபர்கலியின் காபிக்கடைப் பின்சந்து வழியே சதுக்கம் சேரும் வழி சரியாக இருந்தது. அந்தப் பின்சந்தில் மட்டை எதிலும் படவில்லை. குறுக்கே கம்பி எதுவும் அப்போது இல்லை.

அதன் பிறகு ராகிப் தினமும் அவ்வழியே போனார். “மாமா, கோழி கொக்கரிக்கிறதுகூட காதுல விழுது” என்றார்.

சென்ற செவ்வாய் காலை நான் அவித்த மொச்சை வாங்கத் தூக்குடன் அந்தச் சந்துக்குள் வந்தபோது, ராகிப் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து காபிக்கடைக்குள் மீட்டர் இல்லாமல் புதிய மின்கம்பி ஒன்று இழுக்கப்பட்டிருந்தது. நான் கத்தினேன். நான் இருந்தது அவருக்குப் பின்னால், கேட்காத இடது காதுப் பக்கம். அதன் பிறகு இரும்புச் சட்டம் கம்பியில் பட்டு நீலமாகப் பொறி பறந்தது, அவர் கடைக்காரர்கள் கழுவி ஊற்றிய தண்ணீரில் விழுந்தார், வலது கை கருகியது. கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு உயரமான இடத்தில் வைப்பது எங்கள் வழக்கம். அன்று ரொட்டிகளை மிதித்துக்கொண்டு ஓடினேன். ஃபர்கலி வெளியே வந்து, ராகிபைப் பார்க்காமல், துடைப்பக் கட்டையால் கம்பியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சந்தில் வேறு யாரும் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லை என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

மறுநாள் ஃபர்கலி எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். ராகிப் செம்புக் கம்பி திருட வந்ததாகப் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார். “பெரியவரே, கண்ணுல பூ விழுந்த வயசு. நீங்க என்னத்தப் பாத்திருக்கப் போறீங்க?” என்றார். பிறகு, “அமைதியான சந்துதான் புடிச்சிருக்கீங்க. உங்க பொண்ணும் அதுலதானே வேலைக்குப் போகுது” என்றார். சர்க்கரை இன்னும் கொஞ்சம் கேட்டார். நான் எடுக்க உள்ளே போய் வந்தேன்.

அவர் போன பிறகு, எழுதத் தெரியாத காலத்தில் கையெழுத்துக்குப் பதிலாக நான் பதித்துவந்த பித்தளை முத்திரை கதவருகே ஆணியில் இல்லை. அன்று வேறு யாரும் வரவில்லை. இப்போது என் மகள் ஹாரன் சத்தத்துக்கு நடுவே பெரிய சாலையிலேயே போகிறாள். ராகிபின் மருத்துவமனைக் கட்டிலருகே காவலர் உட்கார்ந்திருக்கிறார்.

ராகிப் திருட வரவில்லை, நான் காட்டிய வழியில் ரொட்டி கொண்டு போனார். இதற்கு மாறாக என் பித்தளை முத்திரை பதிந்த காகிதம் எது வந்தாலும் அது என்னுடையது அல்ல. மேலே உள்ளதை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை, நானே இரண்டு முறை படித்தேன், அத்தனையும் உண்மை.

முத்திரை: இல்லை.
கையொப்பம்: அதிய்யா முர்சி ஸைதான்