சரிந்த மண்ணில் மூன்று தட்டு

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் சேனாதிபதி ஐயா அவர்களே! மலர்க் கண்காட்சி நடத்தும் மன்றத்துப் பெரியவர்களே! பூண்டியிலிருந்து பூண்டு வாசத்தோடு வந்திருக்கும் உழவர் பெருமக்களே! ஈரத் தரையில் பிள்ளையை மடியிலிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் அண்ணன் தங்கமுத்து அவர்களே! எல்லோருக்கும் இந்த வேலுத்தாயின் கும்பிடு.

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். மேடை எனக்குப் புதிது. மேடு எனக்குப் புதிதா? பள்ளம் எனக்குப் புதிதா?

வீட்டுத் தோட்டத்துக்கு முதல் பரிசு என்று கோப்பை கொடுத்தீர்கள். அது எப்படிப்பட்ட இடம்? சொம்பை வைத்தால் உருண்டோடும் சரிவு. அறுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் அது இடிந்தது. தண்ணீரைத் திருப்பிவிட மண்வெட்டியோடு போன என் வீட்டுக்காரர் மண்ணோடு போனார்.

காரியம் முடிந்ததும், மலையடிவாரத்து ஆயக்குடியிலிருந்து வந்திருந்த அண்ணன் சொன்னார்: "ஏத்தா, இங்க என்ன கெடக்கு? வெரசா கெளம்பு, ஆயக்குடிக்குப் போவோம்."

"அவரை விழுங்கின மண்ணை அப்படியே விட்டுட்டா வரச் சொல்றீங்க? தட்டுத் தட்டா வெட்டி, கல்லுக் கட்டி, அதை நிக்க வைக்கப் போறேன்ணே."

"வர்ற ஐப்பசிக்கு நின்னா இரு. சரிஞ்சா மூச்சுக் காட்டாம எங்கூட வந்துரணும்!"

சொன்னவர் சும்மா இருந்தாரா? தாமும் கூட நின்று கட்டினார். கொய்யாத் தோப்புக்கு வரப்புப் போட்ட கை அல்லவா! சொட்டு நீர் கசியாமல், கல்லிடுக்கெல்லாம் களிமண் அப்பினார். சித்திரையில் ஒரே ஒரு கோடை மழை. கட்டு, பிள்ளைத்தாச்சி வயிறாகப் பிதுங்கி, படுத்துவிட்டது.

சிரிக்காதீர்கள், அண்ணன் கோபித்துக்கொள்வார்!

தோப்பில் தண்ணீரை நிறுத்த வேண்டும். மலையில் தண்ணீருக்கு வழிவிட வேண்டும். இடிந்த கல்லில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. அதுவரை அழாத நான் அன்றைக்கு அழுதேன். அடைத்து வைத்தால் கட்டும் சரியும், நெஞ்சும் சரியும், தாய்மார்களே!

மறுபடி கட்டினேன். மண் பூசாமல் கட்டினேன். மலைப் பக்கமாகச் சாய்த்துக் கட்டினேன். கட்டின் முதுகுக்குப் பின்னால் சரளை கொட்டி, ஓரத்தில் ஓடை விட்டுக் கட்டினேன். கீழ்த்தட்டில் காரட், நடுத்தட்டில் பூண்டு, மேல்தட்டில் டேலியா.

ஐப்பசி வந்தது. அடைமழை வந்தது. அண்ணனும் வந்தார், என் பெட்டியைக் கட்ட! சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இருவரும் பார்த்து நின்றோம். கல்லிடுக்கில் முதலில் கலங்கல் வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர் வந்தது. ஒரு கல் அசைந்ததா? ஒரு செடி சாய்ந்ததா?

"நிக்குதுத்தா..." என்றார் அண்ணன். பெட்டியை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

யாரது, "எங்க வீட்டுக்கும் கட்டித் தாக்கா" என்பது? ஜக்கம்மாளா? கடப்பாரையோடு வெள்ளனே வந்து நில். கட்டுவோம்! காப்பி மட்டும் உன் செலவு. இந்தச் சரிவில் இன்னொரு வீட்டுக்காரர் மண்ணுக்குள் போகக்கூடாது. அதற்கு என் கை இருக்கிறது, உங்கள் கைகள் இருக்கின்றன!

தோட்டத்துக்கு என்ன பெயர் எழுதட்டும் என்று தலைவர் ஐயா கேட்டார். வேலுத்தாய் என்று எழுத வேண்டாம். தாலி கட்டிய நாள் முதலாக என் வாயால் சொல்லாத பெயர் ஒன்று உண்டு. கோயில் அர்ச்சனைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன். இன்றைக்கு ஊரறிய நானே சொல்கிறேன்.

நல்லுசாமி. நல்லுசாமி தோட்டம் என்று எழுதுங்கள், ஐயா.

காது கொடுத்த உங்களுக்கு நன்றி. கல் சுமந்த அண்ணனுக்கு நன்றி. வணக்கம்.