கட்டைவிரலுக்குக் கேட்கும் சத்தம்

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இந்த உணவுக்கூடத்தின் சுவரோரம் நின்றுகொண்டிருக்கும் அசெம்ப்ளி பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் சின்னவரின் மனைவியான நம் அண்ணி அவர்களே, அவருடைய மகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவள். நம் சின்னவர் வடிவமைத்ததையெல்லாம் இழுத்தும் ஆட்டியும் சூடேற்றியும் உடைத்துப் பார்ப்பது என் வேலை. அவருடைய அறைக்குள் நான் நுழைந்தாலே, "வாங்க தாயே, இன்னைக்கு எத்தனை கொலை?" என்பார். "உங்க பிள்ளைங்க பலமா இருந்தா நான் ஏன் கொல்றேன்?" என்பேன். எங்களுக்குள் இருந்த நட்பு இப்படிப்பட்டது.

இந்த இரங்கல் கூட்டம் தொடங்குவதற்கு முன் அண்ணி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். "அவரு கடைசியா ஒண்ணு செஞ்சாரே, அது வெளிய வருமா?" எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

யார் இந்தச் சின்னவர்? கதவில் குனிந்து நுழைய வேண்டிய உயரம். சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள முடியாத அளவுக்குத் தடித்த விரல்கள். அந்த மனிதர் ஆயுள் முழுக்கச் செய்தது அரிசியைவிட மெல்லிய பொருள். அதனால்தான் சின்னவர். உறவினர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். அவர் பார்த்தது கரண்ட் வேலை என்று நினைத்து, வீட்டு ஃபேனைச் சரிசெய்யக் கூப்பிட்டவர்கள் உங்களில் உண்டு. அவரும் மறுக்காமல் வந்து கழற்றியிருக்கிறார். சில ஃபேன்கள் அதற்குப் பிறகு சுற்றவே இல்லை.

அவர் வடிவமைத்தது கனெக்டர். ஒரு சர்க்யூட் போர்டின் மேல் இன்னொரு போர்டை அடுக்கும்போது இரண்டையும் இணைக்கிற பூட்டு அது. மேல் பாதி, கீழ்ப் பாதி. அசெம்ப்ளியில் ஒருவர் இரண்டையும் நேராக வைத்துக் கட்டைவிரலால் அமுக்குவார். முழுதாக உட்கார்ந்தால் நல்லது. ஒரு முனை உட்கார்ந்து மறுமுனை தூக்கிக்கொண்டு நின்றால்? அப்போதும் மின்சாரம் ஓடும். பரிசோதனையில் தேறும். பெட்டிக்குள் போகும், லாரி ஏறும். பல மாதம் கழித்து, யாரோ படி இறங்கும்போது, அந்த அதிர்வில் கழன்றுகொள்ளும். பொம்மையாக இருந்தால் பொம்மை நிற்கும். அவருக்குக் கடைசியாக வந்த வேலை, நோயாளி இடுப்பில் கட்டிக்கொள்ளும் மருந்துக் கருவிக்கானது. அது நின்றால் என்ன ஆகும்?

"உக்காந்துச்சா?" இதுதான் அவர் நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. இயக்குநர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் முதன்முறை டிசைன் அறைக்கு வந்து நாற்காலியில் அமர்ந்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உங்களைப் பார்த்தும் அதையேதான் கேட்டார். உங்களை அஃறிணையாக்கிவிட்டு வேலையை இழக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு காலத்தில் அவர் தினமும் என் மேசைக்கு வந்து, "டிக் வரல தாயே" என்று புலம்பினார். கனெக்டர் சரியாகப் பூட்டியதும் வருமே, அந்தச் சத்தம். எனக்குக் கேட்டது. "வருதே" என்றால், "என் மனசு நோகக்கூடாதுன்னு பொய் சொல்றீங்க" என்பார். பூட்டை இறுக்கினார். மேலும் இறுக்கினார். கடைசியில் அசெம்ப்ளி வரிசையின் மூத்த பெண், நாம் எல்லோரும் லைன் அக்கா என்று கூப்பிடுகிறவர், வீங்கிய கட்டைவிரலை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "சார், இது கனெக்டரா, கருங்கல்லா?"

புதிரை அவிழ்த்தது அண்ணி. "வீட்டுல டிவிய அலறவிட்டுட்டு, அங்க போய் பிளாஸ்டிக் கத்தலன்னு குறை சொல்றாரா? காது போயிடுச்சுன்னு அவரு ஒருத்தருக்குத்தான் தெரியாது" என்றார்.

காது மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சின்னவர் தன் அறைக்குப் போகவில்லை. நேராக அசெம்ப்ளி கூடத்துக்குப் போய் நின்றார். ஃபேன்கள், காற்றுக்குழாய்கள், அந்தப் பக்கம் பிரஸ் மெஷின். வெகுநேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "இங்க நல்ல காது இருக்கறவங்களுக்கே எதுவும் கேக்காதே. இத்தனை வருஷமா நான் யாருக்காக டிக் வெச்சேன்?"

அன்றிலிருந்து அந்தச் சத்தத்தை விரலுக்கு மாற்றும் வேலையில் இறங்கினார். கனெக்டரின் இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு மேடு. இரண்டு முனையும் சரியாக உட்கார்ந்தால் மட்டும் கட்டைவிரலுக்கடியில் ஒரு சின்ன சறுக்கல். ஒரு முனை தூக்கி நின்றால் விரல் வெறுமனே நிற்கும். லைன் அக்காவைக் கண்ணை மூடி உட்காரவைத்து, நானே கோணலாக வைத்து வைத்துக் கொடுத்தேன். ஒன்றுகூட அவர் விரலைத் தாண்டவில்லை. "விரலுக்குள்ள யாரோ தலையாட்ற மாதிரி இருக்கு சார்" என்றார். சின்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த மேட்டுக்குக் கொஞ்சம் உயரம் வேண்டும். ஒரு முடியின் கனம். வாங்குகிறவர்கள் கருவி இன்னும் மெல்லிதாக வேண்டும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். "மெல்லிசா இருந்தா அழகுதான், ஒத்துக்கறேன். ஆனா போட்டுக்கறவங்க சட்டைக்குள்ளதானே போட்டுக்கறாங்க? யாரு பாக்கப்போறா?" என்று சின்னவர் கேட்டார். மேடு நீக்கப்பட்டது. மேட்டோடு கனெக்டரை வார்க்க அவர் போட்ட அச்சு ஆர்டர் ரத்தானது.

அதனால்தான் அவர் இறந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய இதயம் முன்பே பழுதுபட்டிருந்தது. மருத்துவர் அதைத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு முன்பு பேசியவர்கள், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்றார்கள். எங்கே தொடர்வோம்? டிசைன் அறையின் மேசைகள் கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டன. அவரிடம் வேலை பார்த்த இருவரையும் வேறு இடம் தேடிக்கொள்ளச் சொல்லியாயிற்று. இனி வரைபடங்கள் வெளியிலிருந்து வாங்கப்படும். யார் தொடர்வது? எதை வைத்துத் தொடர்வது? தேறியதா, தேறவில்லையா என்று சொல்லிச் சொல்லியே பழகியவள் நான். அந்த வாக்குறுதி தேறாது.

அண்ணி, நீங்கள் கேட்டதற்குப் பதில்: வராது. கொஞ்ச நாள் ஆகும் என்று சொல்லி உங்களைக் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படியொரு கூட்டத்தில் உறுதி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேடு நீக்கிய கனெக்டர் அடுத்த வாரம் என் மேசைக்கு வருகிறது. இழுவையில் தேறும், சூட்டில் தேறும். அரைகுறையாக உட்கார்ந்தால் விரலுக்குத் தெரியாது என்பதை அறிக்கையின் முதல் வரியாக எழுதுவேன். அந்த வரியைத் தாண்டிக் கருவி போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுவேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்றும் தெரிகிறது, அண்ணி. அவர் செய்த மாதிரிகளில் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா, வீட்டில் வைத்துக்கொள்ள? இல்லை. வந்தவை அத்தனையையும் உடையும்வரை ஆட்டிப் பார்ப்பது சோதனைப் பிரிவின் வேலை. நான் சோதித்தவற்றிலேயே அதிக நாள் தாங்கியவை அவை. எல்லாவற்றையும் உடைத்துவிட்டேன்.