முகமில்லாத முன்வரிசை

“முன்வரிசையிலை ஒருத்தருக்கும் முகமில்லையே, பிள்ளை!”

செயின்ட்-மிஷேல் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர்தான் இப்படி அதிர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் கையில் ஒரு சின்ன டிஜிட்டல் கமெரா. மாதா கோயில் பெருநாளுக்கு எடுத்த படங்கள்.

“பிளாஷ் அடிச்சு வெளிறிப்போச்சு, அங்கிள். கமெராவுக்குக் கிட்ட முட்ட வராதேங்கோ எண்டு சொன்னனான். கேட்டியளே?”

“பின்வரிசையிலை, சமைச்ச பொம்பிளையள் மட்டும் வடிவா நிக்கினம். முன்னுக்கு நிண்ட எங்கட நிர்வாகசபையைக் காணேல்லை! கொம்பியூட்டரிலை போட்டு எங்கட முகத்தை எடுத்துத் தா.”

“வெள்ளையாப் போன இடத்திலை ஒண்டும் இல்லை. எடுக்கேலாது.”

“அப்ப அழி. பெருநாள் மலர்ப் புத்தகத்திலை இதைப் போடேலாது.”

“அழிக்கமாட்டன். அம்மா ஒவ்வொரு வருசமும் சமைக்கிறா. ஒவ்வொரு வருசப் படத்திலையும் உங்கட தோளுக்குப் பின்னால அவவின்ர நெத்தி மட்டும்தான் தெரியும். இந்த முறை நான்தான் சமைச்ச எல்லாரையும் படியிலை ஏத்திவிட்டனான். முழு முகமும் விழுந்திருக்கு.”

பெரியவர் கமெராவை எட்டி இன்னொரு தடவை பார்த்தார்.

“சரி, வாற ஞாயிறு திரும்ப எடுப்பம். பிளாஷைக் குறைச்சு வை.”

அவள் கமெராவை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“குறைக்கத் தேவையில்லை, அங்கிள். நீங்கள் பின்னால நில்லுங்கோ.”