எழும்பாத கொம்பியூட்டர்

ஸ்கந்தபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவனின் மடியில் பெட்சீற்றால் சுற்றிய கொம்பியூட்டர்.

"புதுச் சீடி ஒண்டைப் போட்டு ஏதோ ஏத்தினீங்கள். இப்ப எழும்புதேயில்லை. தங்கச்சியின்ரை கலியாணக் கார்ட் அதுக்குள்ளைதானே கிடக்கு?" என்றாள் மனைவி.

"அது ஏதோ இங்கிலிசிலை கேட்டது. மரியாதைக்கு ஓம் எண்டு அமத்தினனான்."

"விளங்காததுக்கு ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"ரெண்டாந்தரமும் கேட்டுதப்பா. பாவமாக் கிடந்தது."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப, என்னைக் கட்டச் சொல்லிக் கேக்கேக்கையும் மரியாதைக்குத்தானோ ஓம் எண்டனீங்கள்?"

"இல்லையப்பா. அது தமிழிலை கேட்டவை."

அவள் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பஸ் ஒரு குழியில் விழுந்து எழும்பியபோது, கொம்பியூட்டரின் ஒரு பக்கத்தை அவளும் பிடித்துக்கொண்டாள்.