குவளை ஒன்று

– கதவ இன்னும் கொஞ்சம் தெறங்க அண்ணி. ஐயோ! மேல் தட்டு, நடுத் தட்டு, எல்லாம் சல்லி சல்லியா கெடக்கு.

– கைய விடாத. சூளை இன்னும் ஆறல. இந்தா, கையுறைய மாட்டு.

– என் ஆறு கிண்ணமும் போச்சு. ஜாடியும் போச்சு. வர்ற சனிக்கிழமை கண்காட்சில எதக் கொண்டுபோய் வெப்பேன்? இந்த ஓட்டாஞ்சில்லையா?

– சரி சரி, மூச்சு விடு. எது மொதல்ல வெடிச்சுதுன்னு பாப்போம்.

– இதுல பாக்க என்ன இருக்கு? நான் சொல்றேன் கேளுங்க. செவுத்துல ஒட்டியிருக்கிற சூளைப் பட்டியலப் படிங்க. என்னோடது ஏழு. அதுக்கு மேல இருக்கிற வரி?

– 'டிரைவர், குவளை ஒன்று.'

– அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுது. பஸ் ஓட்டுற மனுஷன், நம்ம மண்பாண்டக் குழுவுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகல. ஈரம் காயாம உள்ள வெச்சிருப்பாரு. உள்ள இருந்த தண்ணி ஆவியாகி குண்டு மாதிரி வெடிச்சிருக்கு. பக்கத்துல இருந்ததையும் சேத்துச் சாச்சிருச்சு.

– நீ வெக்கும்போது உள்ள குவளையப் பாத்தியா?

– கீழ எங்கயாவது மூலைல இருந்திருக்கும். அவரு செஞ்சத உத்துப் பாக்கத்தான் எனக்கு நேரமா?

– உன் ஜாடிய எப்ப வனைஞ்ச?

– திங்கக்கிழமை.

– வெள்ளிக்கிழமை சூளைல ஏத்திட்ட. அவ்வளவு தடிச்ச ஜாடி நாலு நாள்ல காஞ்சுதா? கன்னத்துல வெச்சுப் பாத்தியா?

– பதினோரு வருஷமா மண்ணு பெசையறேன் அண்ணி. சில்லுனு இருந்தா ஈரம்னு கன்னத்துல வெச்சுப் பாக்குறதெல்லாம் புதுசா வந்தவங்களுக்கு.

– டிரைவருக்கு மொதல் நாள் அதக் காட்டிக் குடுத்ததே நீதான்.

– காட்டிக் குடுத்து? பாருங்க லட்சணத்த. குரூப்ல போடுறதுக்கு டைப் பண்ணிட்டேன், கேளுங்க. 'சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவங்க பொருள் இனி நம்ம சூளைக்குள்ள வராது.' செயலாளர் நீங்க. சரின்னு சொன்னா அனுப்பிடுவேன்.

– அனுப்பினா அவரு மட்டும் போக மாட்டாரு. புதுசா சேந்த நாலு பேரும் போயிடுவாங்க. போன வருஷம் புதுசா சேந்த நர்ஸ் பொண்ணு உன் பேச்சக் கேட்டு ஏப்ரன மடிச்சு மேஜை மேல வெச்சுட்டுப் போச்சே, மறந்துட்டியா?

– தாங்காதவங்க போகட்டும். என் கிளினிக்ல பல்லு புடுங்குறப்ப நான் கொஞ்சிக்கிட்டா இருக்கேன்?

– அங்க மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான புடுங்குற. இங்க நேரா கொறடுதான்.

– நான் என்ன அப்படிச் சொல்லிட்டேன்?

– புதன்கிழமை அவரு குவளையப் பாத்து என்ன சொன்ன?

– 'இதுல பல்செட் கூட உக்காராது'ன்னேன். ஜோக்கு. எல்லாரும்தான் சிரிச்சாங்க. நீங்களும்.

– சிரிச்சேன். அதான் உறுத்துது. கைப்பிடி ஏன் கோணுதுன்னு பாவம் கேட்டாரு. 'ஒரு வருஷம் சும்மா பாருங்க, அப்பறம் கேள்வி கேளுங்க'ன்ன.

– ஒழுங்கு வேணாமா அண்ணி?

– வேணும். மொதல்ல அந்த ஃபோனக் கீழ வை. யாரோ வர்றாங்க.

– ரைட்டு, உள்ள வரலாமா?

– வாங்க டிரைவரண்ணே.

– நல்ல நேரத்துல வந்தீங்க. பாருங்க உங்க கைவரிசைய.

– அடடா. ஜாடியும் போச்சா டாக்டரம்மா? வெள்ளிக்கிழமையே நெனச்சேன்.

– என்னத்த நெனச்சீங்க?

– தூக்க முடியலன்னு என்னக் கூப்பிட்டீங்கல்ல? நெஞ்சோட அணைச்சு உள்ள வெக்கும்போது கன்னத்துல பட்டுச்சு. சில்லுனு இருந்துச்சு.

– அத அப்பவே கேக்க வேண்டியதுதான?

– ஒரு வருஷம் கழிச்சுக் கேக்கலாம்னு இருந்தேன்.

– அண்ணி, சிரிக்காதீங்க. நான் சொல்றேன் கேளுங்க டிரைவர், கதை விடாதீங்க. பட்டியல்ல உங்க குவளை இருக்கு. வெடிச்சது அதுதான்.

– பேரு எழுதினது செவ்வாக்கிழமை. அப்பறம் கோடு போட்டு அடிக்க மறந்துட்டேன், அது என் தப்பு. புதன்கிழமை எல்லாரும் சிரிச்சீங்களே, அன்னைக்கே குவளைய வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்.

– வீட்டுக்கா?

– ரைட்டு. அடுத்த டிரிப்புல ஏத்தலாம்னு இப்பத்தான் கொண்டாந்தேன். இந்தாங்க, பையிலதான் இருக்கு. கைப்பிடி இன்னும் கோணல்தான், ஆனா ஈரம் இல்ல. கன்னத்துல வெச்சுப் பாருங்க.